கோட்டைச் சுவருக்கு முட்டு

டீ நன்றாக இருந்தது, சார். காவல் நிலையத்து டீக்கு வெளியே நல்ல பெயர் கிடையாது. அதையும் என்னைப் போல ஒருவன்தான் கிளப்பிவிட்டிருப்பான்.

என் தொழிலே அதுதான். படக் கம்பெனிக்கு மக்கள் தொடர்பாளர். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நெருப்பில்லாமல் புகை போட்டுத்தான் இருபது வருடமாக என் வீட்டில் அடுப்பு எரிகிறது. படத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பரப்ப வேண்டும். கெட்ட பேச்சு கிளம்பினால் அதை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். அடக்க முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் அந்த வாய் எந்தப் பக்கம் பார்த்துப் பேச வேண்டும் என்பதை ஒருவன் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

இந்தப் படம் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கோட்டை, அதன் வாசலில் ஒரு போர், நடுவில் பெரிய கதாநாயகன். டைரக்டர் காலையில் எழுந்ததும் கதையை மாற்றுவார். மாற்றிய கதை பிடிக்கவில்லை என்று கதாநாயகன் கேரவனை விட்டு இறங்கமாட்டார். போர்வீரர்கள் கவசத்தோடு வெயிலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். படம் நின்றேவிட்டது என்று வெளியே பேச்சு கிளம்பியதும் தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"யாரால லேட்டுன்னு எல்லாரும் கேக்கறாங்கய்யா. ஏதாவது ஒரு பேரைச் சொல்லி விடு" என்றார்.

டைரக்டர் பெயரைச் சொன்னால் படம் விலை போகாது. கதாநாயகன் பெயரைச் சொன்னால் என் தலை போகும். யோசித்துப் பார்த்து, மாமாவின் பெயரைச் சொன்னேன். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். இந்தப் படத்தின் கலை இயக்குநர், அந்தக் கோட்டையைக் கட்டியவர். செட் முடியாததால்தான் தாமதம் என்று ஒரு நிருபரிடம் சொல்லிவிட்டு, தயவுசெய்து எழுதிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டால்தான் எழுதுவார்கள்.

ஏன் மாமா என்று கேட்பீர்கள். வேறு யாராக இருந்தாலும் மறுத்துப் பேசியிருப்பார்கள். மாமா, சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுக் கைகழுவப் போகிற மனிதர். தவிர, வெளியாள் மேல் பழி போடுவது பாவம், சார். வீட்டு ஆள் என்றால் பின்னால் எப்படியும் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

நான் சொன்னது ஒரே ஒரு வரி. மற்றதை ஊரே எழுதிக்கொண்டது. குடிக்கிறார் என்றது. செட்டுக்கு வந்த மரத்தில் சொந்த வீடு கட்டுகிறார் என்றது. மாமாவுக்கு இன்றுவரை இருப்பது வாடகை வீடுதான். அக்கா கல்யாணம் காட்சிகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, உனக்குத்தான் பத்திரிகைக்காரங்க எல்லாரும் பழக்கமாச்சே. யாரு இப்படிக் கிளப்பி விடறாங்கன்னு கொஞ்சம் விசாரிச்சுப் பாரேன்."

"பாக்கறேன் மாமா" என்றேன். அக்காவுக்கு முகம் தெளிந்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

இனி அந்த நாள். செட்டில் சுவர் என்பது முன்பக்கம் மட்டும்தான். முன்னால் பார்த்தால் கருங்கல், பின்னால் போனால் பலகை. சாயாமல் இருக்கப் பின்னால் சரிவாகக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருப்பார்கள். கலை இயக்குநர் தன் வாயால் சொல்லாமல் அதில் ஒரு கட்டையைக்கூட யாரும் தொடமாட்டார்கள். எந்தப் படத்திலும் அதுதான் வழக்கம்.

அன்று காலை டைரக்டருக்குத் திடீரென்று ஒரு யோசனை. கேமராவைக் கோட்டை வாசல் வழியாக உள்ளே கொண்டுபோக வேண்டும் என்றார். உள்ளே போனால் முட்டுக் கொடுத்த கட்டைகள் தெரியும்.

"இரும்புச் சட்டம் அடிச்சுப் பிடிச்சாத்தான் கட்டைய எடுக்க முடியும். ஒரு நாள் குடுங்க" என்றார் மாமா.

"இவராலதான் லேட்டுன்னு ஊரே சொல்லுது. சும்மாவா சொல்லுது?" என்றார் டைரக்டர். அது என் சரக்கு என்று அவருக்கே தெரியாது. தொழில் என்ற முறையில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை.

மாமா இரும்பு வாங்கக் கிளம்பிப் போனார். கதாநாயகன் அதிசயமாக அன்று கேரவனை விட்டு இறங்கியிருந்தார். அவர் மறுபடி ஏறிவிட்டால் எப்போது இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது. தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் தச்சு மேஸ்திரியிடம் போனேன்.

"மாமா போன் பண்ணார். கட்டைய எடுத்துடலாமாம்."

"அவரே சொன்னாரா?"

"பின்ன, நானாவா வந்து சொல்றேன்?"

வேறு எவன் சொல்லியிருந்தாலும் அவர் எடுத்திருக்கமாட்டார். மைத்துனன் வாயால் வந்தால் அது மாமா சொன்ன மாதிரிதான் என்று எடுத்துக்கொண்டார். ஆட்களை அழைத்துக் கட்டைகளைக் கழற்றினார்.

நான் ஒன்றும் யோசிக்காமல் செய்யவில்லை. அன்று ஒரு இலைகூட அசையவில்லை. காற்றில்லாத நாளில் ஒரு ஷாட் எடுக்கிற நேரத்துக்குச் சுவர் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். போர்க்காட்சியில் புழுதி பறக்கப் பெரிய காற்றாடிகளைப் போடுவார்கள் என்பதை மறந்துவிட்டேன். இத்தனை வருடம் படப்பிடிப்பிலேயே கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை.

சுவர் மெதுவாகத்தான் சாய்ந்தது. வீரர் வேஷத்தில் இருந்த இரண்டு பேர் அடியில் மாட்டினார்கள். மேஸ்திரி ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துத் தாங்கப் பார்த்தார், அவரும் மாட்டினார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி போக வேண்டிய பாதையை நான் முன்பே போட்டு வைத்திருந்ததால் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடிகாரர், மரத் திருடர் என்று ஊரே சேர்ந்து மாமாவை உள்ளே அனுப்பியது. மாமாவும் மறுக்கவில்லை. பார்க்கப் போன அக்காவிடம், "நான் சொல்லாம மேஸ்திரி கட்டையத் தொடமாட்டான். அப்ப நான்தான் ஏதோ ஞாபகத்துல சொல்லியிருக்கேன் போல" என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நன்றாகப் பசித்தது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சுவர் விழுந்த பிறகும் மேஸ்திரிக்கு மூச்சு இருந்தது. அந்தப் புழுதியில் அவரிடம் முதலில் போனவன் நான்தான். "அவர் சொல்லலியா?" என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடிவருவது தெரிந்ததும் என் கைக்குட்டையை அவர் முகத்தின் மேல் விரித்தேன். "இவர் போயிட்டாருப்பா, அந்தப் பக்கம் பாருங்க" என்றேன். அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அதனால்தான் மற்ற இருவரில் ஒருவர் பிழைத்தார். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. மேஸ்திரியையும் நான் அநாதையாக விட்டுவிடவில்லை. அடங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எதற்கு வந்தாய் என்கிறீர்கள். போன வாரம் அக்கா வந்தாள். "தம்பி, அவர் உள்ள சாப்பிடறதே இல்லையாம். இப்படியே போனா ஆள் தாங்கமாட்டார்னு டாக்டர் சொல்றார். நீ பெரிய ஆளுங்களோட பழகறவன், ஏதாவது பண்ணுடா" என்றாள். செய்கிறேன் என்றேன். இதோ செய்துவிட்டேன். மாமாவுக்காகத்தான் வந்தேன் என்று தெளிவாக எழுதுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள், சார். வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. ஜனங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள், முன்பதிவு படுத்துக் கிடக்கிறது. இன்று செவ்வாய். என் வாக்குமூலத்தை இன்றே வெளியே விட்டால் வெள்ளிக்குள் ஆறிப்போகும். வியாழக்கிழமை மாலை விடுங்கள். அதுவரை மாமா உள்ளேயே இருக்கட்டும். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.