சுவரில் போட்ட ஓட்டை

தருமபுரியிலிருந்து கடத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "டெலிபோன் ஒயருக்குன்னு வெளிச் சுவத்துல ஓட்டை போட்டாங்க. அதோட எம் பையன் வூட்டுக்கு வர்றது நின்னுபோச்சுங்க."

"ஏங்க, சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. அவங்கம்மா தவறுனப்பறம் வூட்டுல நான் ஒருத்தன்தான். மாசம் ஒருக்கா பெங்களூர்ல இருந்து வருவான், கூட உக்காந்து சாப்புடுவான். அவன்தான் போனும் வெச்சுக் குடுத்தான். இப்ப ஞாயித்துக்கிழமையானா, 'நல்லாயிருக்கீங்களாப்பா'ன்னு கேக்கறான். நல்லாயிருக்கேம்பேன். வெச்சிடுவான்."

"நல்லா இல்லேன்னு சொல்லிப் பாருங்களேன்."



"போன வாரம் சொன்னேங்க. டாக்டருகிட்ட காட்டுங்கப்பான்னான். அதான் காட்டிட்டு வர்றேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்லேன்னுட்டாருங்க."