விலைக்குத் தகுந்த சோபா

தென்னாற்காடு மாவட்டத்தில் நல்ல சோபாவைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையடிக்க வேண்டுமென்றால், பெண் பார்க்கும் வழக்கத்தை இந்தத் தேசத்திலிருந்தே ஒழித்துக்கட்டப் பிறந்தவன் நான் என்பதை முதலில் சொல்லியிருப்பேன். அதுவும் உண்மைதான். இந்த இரண்டு திறமைகளும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் எப்படி ஒன்றுசேர்ந்தன என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்பா இசக்கிமுத்து சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறார். அது ஒரு தெருவையே அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். அதன் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற மனிதர் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் தண்ணீர் கேட்கவே தயங்குவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். அண்ணன் சோமசுந்தரத்துக்கும் சுரங்கத்தில்தான் வேலை. பேசுவதற்கு ஓவர்டைம் கிடையாது என்பதால் அவன் வீட்டில் பேசுவதில்லை. அக்கா கமலா டவுன்ஷிப் நர்சரிப் பள்ளியில் டீச்சர். நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். மனிதர்களைப் புரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை.

போன வருஷம், எண்பத்திரண்டில், அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. அனல்மின் நிலையத்தில் ஆபரேட்டர், பெர்மனென்ட், பெயர் சண்முகசுந்தரம். ஜாதகம் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் இல்லாதது சோபா ஒன்றுதான்.

“ஏலேய், மாப்பிள வீட்டுல சோபா கெடக்கு. அவுக வந்து நம்ம வீட்டு இரும்பு நாற்காலியிலயா உக்காருவாக? பெறவு எந்திரிக்கும்போது வேட்டியில வயர் டிசைன்லா பதிஞ்சிருக்கும்” என்றார் அப்பா.

அதுவரை நான் சோபாவையும் பெண் பார்ப்பதையும் ஒரே தராசில் வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தவன். நான்கு பேர் வருகிறார்கள். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே ஒரு பெண்ணின் உயரத்தை அளக்கிறார்கள். சமைப்பாளா, தைப்பாளா, பாடுவாளா என்று விசாரிக்கிறார்கள். சோபா வாங்கப் போகிறவன்கூட சோபாவைப் பாடச் சொல்வதில்லை. கல்லூரி விழாவில் இதை நான் சொன்னபோது பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டலுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அக்கா கைதட்டவில்லை. அப்பா சோபா பேச்சை எடுத்த அன்று மாலை எனக்குத் தோசை வார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள்.

“அவரை நான் லைப்ரரியில பாத்திருக்கேன்டா. நாற்காலி காலியா இருந்தாலும் உக்கார மாட்டாரு. அலமாரியில சாஞ்சிக்கிட்டு நின்னே படிப்பாரு. ஏன் சார் நிக்கிறீங்கன்னு லைப்ரரியன் கேட்டாரு. நைட் ஷிப்ட் பாத்துட்டு வர்றேன், உக்காந்தா தூங்கிருவேன், புக்கு பாதியில நின்னுரும்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவரும் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். இன்னொண்ணு வேணுமாடா?”

அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. தோசை கருகிக்கொண்டிருந்தது. அவள் திருப்பவே இல்லை. அந்த நிமிடத்தில்தான் நான் அப்பாவிடம் போய், சோபாவை நானே தேர்ந்தெடுக்கிறேன் என்றேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகனுக்குப் பொறுப்பு வந்துவிட்டதாம். வந்திருந்தது.

சோபா வாங்குகிறவர்கள் பொதுவாகத் துணியின் பூவைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. முதலில் சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். தேக்கு என்றால் கிரீச்சிடாது. கிரீச்சிடும் சோபா, உட்கார்ந்தவனை அடிக்கடி எழுப்பிவிடும். ரெக்சின் உறை பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் அது முதுகோடு ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்தவனைத் தன் உடம்பைப் பற்றியே யோசிக்கவைக்கும். துணிதான் நல்லது. சாய்மானம் தோளோடு நின்றுவிட்டால் தலை தானாகத் தன்னைத் தாங்க வேண்டியிருக்கும். கழுத்துக்கு மேலே ஒரு சாண் உயர வேண்டும். இருக்கையின் ஆழம் தாராளமாக இருக்க வேண்டும். கைப்பிடி, முழங்கை தானாகப் போய் விழுகிற உயரத்தில் இருக்க வேண்டும். இவையெல்லாம் இருந்தால் கொடுக்கிற விலைக்கு அது தகும்.

இதையெல்லாம் வெறுமனே உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் ராத்திரி முழுக்கத் தூங்கி எழுகிறவன். என் முதுகு சொல்லும் சாட்சி செல்லாது. அதனால் கொளஞ்சிநாதனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருப்பவர், காண்ட்ராக்ட் தொழிலாளி. நைட் ஷிப்ட் முடிந்து எங்கள் வீட்டு வழியாகத்தான் நடந்து போவார். டீயும் வடையும் வாங்கித் தருகிறேன் என்றதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்தார்.

மந்தாரக்குப்பத்தில் கலியனின் கடை. சோபா அவரே செய்து விற்பார். கொளஞ்சிநாதனை ஒவ்வொன்றிலும் உட்காரவைத்து நான் எதிரே நின்று கவனித்தேன்.

“இன்னா தம்பி, எல்லாத்துலயும் இவர குந்த வெச்சிப் பாக்கற? வாங்கறது நீயா, அவரா?” என்றார் கலியன்.

“வாங்கறது நான். உக்கார்றது வேற ஆளுங்க.”

“நடுவுல இவரு யாரு?”

“பார்த்துச் சொல்றவரு.”

ரெக்சினில் உட்கார்ந்த கொளஞ்சிநாதன் முகத்தைச் சுளித்தார். “முதுவுல அட்ட மாதிரி ஒட்டிக்கினு வுட மாட்டேங்குதுப்பா.” அடுத்ததில் ஸ்பிரிங் தூக்கிக்கொண்டிருந்தது. “மாட்டு வண்டியில போற மாதிரிகீது” என்றார். மூன்றாவதில் சாய்ந்தார். “இது தேவலாம் தம்பி, ஆனா ஒண்ணு இன்னான்னா…” என்று ஆரம்பித்தார். அந்த ஒன்று என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

“யோவ் கொளஞ்சி! எய்ந்திருய்யா. விக்கிற சாமான்யா அது.”

“எழுப்பாதீங்கண்ணே. இதையே எடுத்துக்கறேன்” என்றேன். “பின்னங்கால் ரெண்டையும் மட்டும் ஒரு விரற்கடை அறுத்துக் கொடுத்துருங்க.”

கலியன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பின்னால சாஞ்சிடுமே தம்பி. குந்தினவன் லேசுல எய்ந்துக்க முடியாது.”

“அதுக்குத்தான்.”

“வூட்டுல வயசானவங்க இருக்காங்களா?”

“இல்லீங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு.”

சோபா வீட்டுக்கு வந்தபோது எங்கள் ப்ளாக்கே வந்து பார்த்தது. அம்மா பேச்சியம்மாள் பயபக்தியோடு நுனியில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். பிறகு, “ஏட்டி கமலா, கையக் குடு, உள்ள போயிட்டேன்” என்று கூப்பிட்டாள். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவர், தலைப்பைக்கூடப் படித்து முடிக்கவில்லை. விழித்ததும், “நல்ல சாமான்டே. படிச்ச புள்ள எடுத்தா எடுத்ததுதான்” என்றார். அக்கா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவினாள்.

அடுத்தது நாள். நெய்வேலியில் நல்ல நாளைப் பஞ்சாங்கம் மட்டும் முடிவுசெய்வதில்லை, ஷிப்ட் சார்ட்டும் சேர்ந்துதான் முடிவுசெய்யும். முகூர்த்தமும் மாப்பிள்ளையின் ஆஃப் நாளும் ஒன்றாக வரும்வரை இரண்டு குடும்பமும் காத்திருக்கும். பெருமாள் காத்திருப்பார், ஷிப்ட் இன்சார்ஜ் காத்திருக்க மாட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோதாக இருந்தது. சேதி சொல்லிப் போகவரக் கூடிய சைக்கிள் ஒன்றுதான், அது என்னுடையது. மாப்பிள்ளை வீட்டில், எங்கள் ஜோசியர் வெள்ளி காலையை விட்டால் ஆடி கழிந்துதான் என்கிறார் என்றேன். எங்கள் வீட்டில், அவர்கள் வெள்ளி காலைதான் வர முடியும் என்கிறார்கள் என்றேன். இரண்டு வீடும் மற்ற வீட்டின் மனம் கோணக் கூடாது என்று ஒப்புக்கொண்டது. அந்த வாரம் சண்முகசுந்தரத்துக்கு நைட் ஷிப்ட்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா நீலச் சேலையில் அடுப்படியில் நின்றிருந்தாள். கையில் ஒரு டம்ளர்.

“நேரா ஷிப்ட்ல இருந்து குளிச்சிட்டு வர்றாராம்டா. பாவம். இதுல டிக்காஷன் ரெண்டு மடங்கு விட்டிருக்கேன். நான் தட்டு எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியே இத அவருக்குக் குடுத்துரு. முழிச்சிட்டு இருக்கணும்ல.”

“குடுத்துடறேன்” என்றேன்.

அவர்கள் வந்தார்கள். சண்முகசுந்தரம், அவர் தாயார் கஸ்தூரியம்மாள், ஒரு தாய்மாமன். சண்முகசுந்தரம் இயல்பாகவே ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அப்பா விடவில்லை. “அட, உக்காருங்க மாப்பிள. நம்ம வீடு மாதிரி நெனச்சிக்கிடுங்க.” பெரியவர் சொல்லைத் தட்ட முடியாமல் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. முழங்கை போய்க் கைப்பிடியில் விழுந்தது. தலை போய்ச் சாய்மானத்தில் விழுந்தது. நான் மின்விசிறியை ஒரு சுற்று கூட்டிவைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் அந்தக் காபியைக் குடித்தேன். நன்றாக இருந்தது.

அக்கா தட்டோடு வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது. குறட்டை சீராக, பாய்லர் ஓடுவது போல வந்துகொண்டிருந்தது. அக்கா தட்டை வைக்கவில்லை. ஏந்தியபடியே நின்றாள். கஸ்தூரியம்மாள் மகனின் தொடையைக் கிள்ளினார். தாய்மாமன் உலுக்கினார். பின்னங்கால் அறுத்த சோபா அவரை விடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்பாவே சிரித்துவிட்டார். “விடுங்க மதினி, நைட் பாத்தவன் தூங்கத்தான் செய்வான். நான் என் கல்யாணத்துலயே தூங்குனவன்.” எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அக்காவின் முகத்திலும் ஏதோ வரத் தொடங்கியது, லைப்ரரியைப் பற்றிச் சொன்னபோது வந்ததே, அது. அதனால்தான் நான் பேச வேண்டியதாயிற்று. மிகவும் அக்கறையாகத்தான் கேட்டேன்.

“இது அவருக்கு அடிக்கடி வருமாங்க?”

வேறொன்றும் சொல்லவில்லை. வரும் என்ற ஒரு சொல் போதும். தூங்குகிற மனிதன் நோயாளி ஆகிவிடுவான்.

“என்ன தம்பி கேட்டீங்க? எம்பிள்ளைக்கு நோவுங்கீங்களா?” என்றார் கஸ்தூரியம்மாள்.

“சேச்சே. எழுப்பியும் எந்திரிக்கலியேன்னு பயந்துட்டேன். கையில இரும்பு ஏதாவது குடுத்துப் பாக்கலாமா?”

கஸ்தூரியம்மாள் எழுந்துவிட்டார். அம்மா அழுதாள். அப்பா கும்பிட்டபடியே வாசல்வரை போனார். நடுவில் விழித்த சண்முகசுந்தரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

மிச்சத்தைக் கம்பெனி பஸ் பார்த்துக்கொண்டது. காலை ஷிப்ட் பஸ்ஸில் சந்தேகமாக ஏறிய செய்தி, ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து வலிப்பாக இறங்கியது. அவர் டாக்டரிடம் போய் உடம்பில் ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிவந்தார். ஒன்றுமில்லாதவன் எதற்கு டாக்டரிடம் போனான் என்று ஊர் கேட்டது. அவருக்குப் பேசியிருந்த வேறு இரண்டு இடங்களும் பின்வாங்கின. இப்போது லைப்ரரிக்கும் வருவதில்லை என்று கேள்வி. இதற்கு நான் வருந்துகிறேனா என்றால், தனிப்பட்ட முறையில் அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒரு பெண்ணைத் தட்டிப் பார்த்து எடுக்கும் வழக்கத்தை எதிர்த்தேன். எதிர்க்கும்போது எதிரே யாராவது உட்கார்ந்திருக்கத்தான் செய்வார்கள்.

கொளஞ்சிநாதன் ஒருநாள் வாசலில் நின்று, “இன்னா கமலா, சோபா நல்லாகீதா? நான் தூங்கிப் பாத்து எடுத்ததும்மா அது” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அக்கா உள்ளே வந்தாள். சோபாவின் பின்னங்காலைக் குனிந்து பார்த்தாள். அறுத்த இடத்தில் வார்னிஷ் இல்லை.

“அந்தக் காபிய நீ குடுக்கவே இல்ல, இல்லையா?”

“இல்ல.”

“நான் ஆசப்பட்டேன்டா” என்றாள்.

நான் பெண் விடுதலையைப் பற்றி எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு அப்பாவிடம் போய், தனக்கு இப்போது எதுவும் பார்க்க வேண்டாம், அண்ணனுக்குப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெட்டியை பஸ் ஸ்டாண்டுவரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கைமாறும்போது அவள் விரல் என் கையில் படாமல் வாங்கிக்கொண்டாள்.

அவள் கல்யாணமாகிப் போயிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, வீடு அப்படியே ஆகிவிட்டது. என் சட்டைகள் சுருங்கியே கிடக்கின்றன. முதல் பஸ்ஸுக்கு என்னை எழுப்ப ஆளில்லை. விலங்கியல் ரெக்கார்டில் அதுவரை தவளையின் இதயத்தையும் கரப்பானின் நரம்பு மண்டலத்தையும் வரைந்துவந்தவள் அவள். நிழல் போட்டு, கோடு இழுத்து, பெயர் எழுதிக்கூடத் தருவாள். நான் வரைந்த மண்புழுவைப் பார்த்த புரொபசர், இது எந்த ஊர் ரயில் பாதை என்று கேட்டார்.

ஆம், எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். அக்காவின் சுதந்திரத்துக்காகச் செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனோம். என்னையும் உடன் அழைத்தார்கள். பஜ்ஜி வெங்காயம். பெண் வந்து தலைகுனிந்து நின்றாள். அண்ணன் வழக்கம்போல் பேசவில்லை. ஏதாவது கேட்பதென்றால் கேள் என்று அம்மா என்னைப் பார்த்தாள். சமைப்பாளா என்று நான் கேட்கவில்லை. பாடுவாளா என்றும் கேட்கவில்லை. அதெல்லாம் அநாகரிகம். பெண்ணின் விரல்களைப் பார்த்தேன், நீளமாக, நடுங்காமல் இருந்தன.

“பென்சில்ல படம் வரைவீங்களா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன்.