ஒரு மடி செம்மண்

— மடியில என்னலே அள்ளிக் கட்டுற, பொன்னுத்துரை?

— மண்ணு. கண்ணு தெரியலையா?

— தெரியுது. எங்காட்டுக்குள்ள வந்து மண்ணு எதுக்குன்னுதான் கேக்கேன்.

— உங்காடா? நல்லா இருக்குண்ணே உன் ஞாயம். போன வாரத்து மழையில எங்காட்டுச் செம்மண்ணு அம்புட்டும் எறங்கி வந்து உன் வெங்காயத்து மேல படுத்துக்கிருக்கு. மேல ஏறிப் பாரு, வெறும் சுக்காம்பாறை. வருசக்கணக்கா ஆட்டுக்கெடை போட்டு வளத்த மண்ணு. இனிமே கலப்பை எறங்காது.

— பாத்தேன்டா. எனக்கு மட்டும் என்ன மிச்சம்? திண்டுக்கல் சந்தைக்குப் போக வேண்டிய வெங்காயம் முழங்கால் மண்ணுக்குக் கீழ கெடக்கு.

— வரப்ப வெட்டி விட்டவனுக்கு நல்லா வேணும்.

— யாருலே வெட்டினது?

— நீதான். கொட்டுற மழையில மம்பட்டியோட நீ வரப்பு மேல நின்னத எம்பொண்டாட்டி பேச்சாயி பாத்திருக்கா. ஆமா பின்ன, சும்மாவா சொல்லுவா? கருப்பணசாமி வாசல்ல ஆண்டிச்சாமின்னு உன் பேரச் சொல்லி இந்த மண்ணத் தூத்தப் போறேன். கூடப் பொறந்தவன் வாயில மண்ணப் போட்டவன் குடும்பம் வெளங்காமப் போகட்டும்.

— ஏலே, வேணாம்டா. சாமி வாசல்ல தூத்தினா தூத்தினதுதான், திருப்பி அள்ள முடியாது. அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நெருப்பு குடுத்து வாங்கக் கூடாது, தண்ணி குடுத்து வாங்கக் கூடாது. செத்தாக்கூட ஒருத்தன் வாசல ஒருத்தன் மிதிக்கக் கூடாது. செஞ்சிட்டு அழுது ஒண்ணும் ஆகாது, கேட்டுக்க.

— தெரிஞ்சுதான் வந்திருக்கேன். அவனவன் காட்டு மண்ணத்தான் தூத்தணும்னு மொறை. எங்காட்டுல ஒரு பிடி மண்ணு இல்ல. உங்கிட்ட வந்து அள்ள வேண்டியதாப் போச்சு. இந்தக் கேவலத்த எங்க போயிச் சொல்ல?

— கோவத்த விடு. மண்ணு அரிச்சுப் போகக் கூடாதுன்னு கிராம சேவக் தாடிக்கொம்புலருந்து ஆபீசரக் கூட்டியாந்து, மட்டம் பாத்து, நம்ம ரெண்டு காட்டுக்கும் நடுவுல வரப்பு போட்டாரே. எப்பிடிப் போட்டாக?

— கோணல் மாணலா. பள்ளத்துக்கிட்ட மேல வளைச்சு, என் நெலத்துல ஒரு துண்டத் தூக்கி உம்பக்கம் விட்டுட்டாக.

— அத நீ என்ன செஞ்ச?

— நிமித்துனேன். பாகம் பிரிச்சப்ப அய்யா நட்ட கல்லுக்குக் கல்லு கயிறு புடிச்சு, நேரா. என் நெலம் எனக்கு வேணாமா?

— உன் நெலத்த நான் திங்கவா போறேன்னு அப்பவே சொன்னேன். வரப்பக் கீழ எறக்காத, பள்ளத்துல தண்ணி கட்டும், தாங்காதுன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? அதே பள்ளத்துலதான்டா உடைஞ்சிருக்கு.

— அப்ப மம்பட்டிய எடுத்துக்கிட்டு நீ எதுக்கு அங்க போன?

— உடைப்புல என்ன கெடக்கு, பாத்தியா?

— என்னத்த. வேலிமுள்ளு, கத்தாழை. ஒரு கயித்துக் கட்டிலு, வெள்ளத்துல எங்கிருந்தோ வந்து சொருகிக் கெடக்கு.

— எங்கிருந்தோவா? கால்ல தகரம் அடிச்ச கட்டிலு நம்ம ஊருல யாரு வீட்டுல இருந்துச்சு?

— ஏண்ணே... அது அய்யா படுத்த கட்டிலுல்ல?

— நான்தான் வீட்டுலருந்து தூக்கிட்டு வந்து உடைப்புக்குக் குறுக்கப் போட்டேன். உங்க மதினி அய்யம்மா கையில ரத்தம் வர வர முள்ள அள்ளிக் குடுத்தா. நான் மண்ண வெட்டி வெட்டிப் போட்டேன். நின்னாத்தான? என்னையும் உருட்டி விட்டுட்டுப் போயிருச்சு.

— அண்ணே.

— என்னடா.

— பேச்சாயி பேச்சக் கேட்டு உன்னப் போயி... சீ, நானெல்லாம் ஒரு மனுசனா! இந்தா, கொட்டிட்டேன். மடியையும் ஒதறிட்டேன், பாத்துக்க.

— கொட்டு அப்பு. நல்லா ஒதறு.

— வண்டியப் பூட்டுவோம்ணே. இங்க கெடக்கற மண்ண எங்காட்டுக்கே ஏத்துவோம். வரப்பையும் பழையபடி வளைச்சே போடுவோம். ஒரு துண்டு உம்பக்கம் கெடந்துட்டுப் போகுது. நாம ரெண்டு பேரும் நின்னா ஆகாதா?

— நேத்து நீ வந்து இதச் சொல்லியிருக்கக் கூடாதாடா?

— இன்னைக்குச் சொன்னா என்னவாம்? காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. அந்தக் கலயத்த இங்கிட்டு எடு, ஒரு வாய் குடிச்சிட்டு ஆரம்பிப்போம். என்னண்ணே, கலயத்தப் பின்னால தள்ளுற?

— தரக் கூடாதுடா. நேத்து சாயங்காலம் வெங்காயத்தத் தோண்டிப் பாத்தேன், அம்புட்டும் அழுகிப்போச்சு. ஆத்திரம் தாங்கல. இதே மண்ணுல ஒரு மடி அள்ளிக்கிட்டுப் போயி, கருப்பணசாமி வாசல்ல உன் பேரச் சொல்லித் தூத்திட்டு வந்துட்டேன்.