அறுபதாயிரம் பொயின்றும் ரண்டு அறையும்

— அறுபதாயிரம் எண்டு போட்டிருக்கு, ஜெகதீஸ்வரி. ஆறுக்குப் பின்னாலை நாலு சைபர்.

— பொயின்ற் தானே, தில்லையர். யூரோ எண்டு போடேல்லையே.

— பொயின்ற்தான். ஆனால் ஹோட்டல் பொயின்ற். உந்த ஹோட்டல் கொம்பனியின்ரை கிரெடிட் கார்ட்டை எடுத்தால் சும்மா தருவினமாம். வரவேற்புப் பரிசு.

— சும்மா எண்டு எழுதியிருக்கோ?

— பெரிய எழுத்திலை எழுதியிருக்கு.

— சின்ன எழுத்திலை?

— சின்ன எழுத்திலை கொஞ்சம் வேறை மாதிரி இருக்கு. அதுக்குத்தானே உங்களை இந்தத் தேத்தண்ணிக் கடைக்கு வரச்சொன்னனான். பத்தொன்பது வருசமா அந்தக் கொம்பனியின்ரை ஹோட்டலிலைதானே கட்டில் விரிக்கிறியள். உங்களுக்குத் தெரியாததோ.

— கட்டில் விரிக்கிறவைக்குப் பொயின்ற் குடுக்கிறேல்லை. சரி, வாசியுங்கோ. தேத்தண்ணி ஆறுது.

— மூண்டு மாதத்துக்குள்ளை மூவாயிரம் யூரோ அந்தக் கார்ட்டாலை செலவழிக்கவேணும். அப்பத்தான் பொயின்ற் விழும்.

— உங்கடை மாதச் செலவு என்ன?

— வீட்டு வாடகை கார்ட்டாலை கட்டேலாது. அதை விட்டால் ஒரு முந்நூற்றைம்பது.

— மூண்டு மாதத்துக்கு ஆயிரத்தைம்பது. மிச்சத்துக்கு என்ன செய்யப்போறியள்?

— அரிசி வாங்கி வைக்கலாம் எண்டு யோசிச்சன்.

— ரண்டாயிரம் யூரோவுக்கு அரிசி.

— கெட்டுப்போற சாமான் இல்லைத்தானே.

— நீங்கள் தனி ஆள். கார் து நோர் ஸ்ரேசன் பக்கம் ரெஸ்ரோறன் குசினியிலை நிக்கிறியள். மத்தியானமும் இரவும் அங்கைதான் சாப்பாடு. அந்த அரிசியை ஆருக்கு அவிக்கப்போறியள்?

— அதை நான் யோசிக்கேல்லை.

— சரி. பிறகு?

— முதல் வருசம் கார்ட்டுக்குக் காசில்லை. ரண்டாம் வருசத்திலை இருந்து நூற்றெண்பது. அதுக்கு முதல் நிப்பாட்டிப்போடுவன்.

— நிப்பாட்டமாட்டியள்.

— என்னெண்டு சொல்லுறியள்?

— ஜிம் ஒண்டுக்கு ரண்டு வருசமாக் காசு கழியுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எத்தினை நாள் போனனீங்கள்?

— ரண்டு நாள். ஒருநாள் பூட்டியிருந்தது.

— உந்த அறுபதாயிரத்துக்கு எத்தினை இரவு தருவினம்?

— மூண்டு இரவு. ஒரு இரவுக்கு இருபதாயிரம். பெப்ரவரி எண்டால்.

— பெப்ரவரியிலை கிழமை நாளிலை உந்த அறையள் தொண்ணூறு யூரோவுக்குப் போகும், தில்லையர். ஆள் வராமல் ஒரு மாடியைப் பூட்டியே வைப்பினம். அப்ப உங்கடை பரிசு இருநூற்றெழுபது யூரோ. அதுக்கு ரண்டாயிரம் யூரோவுக்கு அரிசி.

— நீங்கள் சொல்லேக்கை அது வேறை மாதிரிக் கேக்குது.

— காலமைச் சாப்பாடு அதுக்குள்ளை வராது. நகரசபை வரியும் நீங்கள்தான் கட்டவேணும். எங்கை போகப் பாக்கிறியள்?

— தியெப். சேன்-லசார் ஸ்ரேசனிலை ரெயின் ஏறி, ரூவானிலை மாறினால் சரி. ஜன்னலைத் திறந்தால் கடல்.

— பெப்ரவரியிலை ஜன்னல் திறக்கேலாது.

— கண்ணாடியாலை பாக்கலாம்.

— தனியவோ போறியள்?

— இல்லை.

— ஆரோடை?

— மெத்ரோ மேலாலை போகுது. கேக்கேல்லை.

— போயிட்டுது இப்ப. ஆரோடை எண்டு கேட்டனான்.

— அது இன்னும் முடிவாகேல்லை.

— முடிவாகாத ஆளுக்கு மூண்டு இரவோ.

— அதாலைதான் ரண்டு அறை எண்டு யோசிச்சன். ஒரு மரியாதைக்கு.

— ரண்டு அறை எண்டால் உங்கடை மூண்டு இரவு ஒண்டரை இரவாப் போயிடும். நடுச்சாமத்திலை எழும்பித் அறைத் திறப்பைக் குடுத்திட்டு வாறதோ?

— ஓம். அங்கைதான் கணக்கு இடிக்குது. ஆனால் அதுக்கும் ஒரு வழி இருக்கு. இந்தப் பக்கத்தைப் பாருங்கோ. நான் கார்ட்டை எடுத்துப்போட்டு இன்னொரு ஆளைச் சேர்த்துவிட்டால் அந்த ஆளுக்கும் அறுபதாயிரம். சேர்த்துவிட்டதுக்கு எனக்கு மேலாலை பத்தாயிரம்.

— ஆர் அந்த ஆள்?

— நீங்கள் எண்டு யோசிச்சன்.

— நானோ.

— உங்களுக்கு ஹோட்டலைப் பற்றித் தெரியும் தானே.

— ஒரு நாளைக்குப் பதினாறு அறை, தில்லையர். பத்தொன்பது வருசம். அந்தக் கட்டிலிலை ஒருநாளும் இருந்து பாக்கேல்லை. என்ரை மனுசன் கண்ணை மூடின வருசம், ஒருக்கா, நாரி பிடிச்சு, இடுப்பை நிமிர்த்தேலாமல் ஒரு அறையிலை கதிரையிலை அஞ்சு நிமிசம் இருந்தனான். அதுக்கே சுப்பவைசர் முறைப்பாடு எழுதிப்போட்டா.

— தெரியும்.

— என்னெண்டு தெரியும்?

— மூண்டு வருசத்துக்கு முந்தி இந்த மேசையிலை இருந்து சொன்னனீங்கள். பச்சைச் சுவெற்றர் போட்டிருந்தனீங்கள். சொல்லிப்போட்டுச் சிரிச்சனீங்கள். எனக்கு அண்டைக்குச் சிரிப்பு வரேல்லை.

— அதுக்கு?

— வேறை ஆரோ விரிச்ச கட்டிலிலை நீங்கள் ஒருக்காப் படுத்து எழும்பவேணும் எண்டு எனக்கொரு எண்ணம். தனி அறையிலைதான் சொல்லுறன்.

— பொயின்ற் எப்ப வரும்?

— மூவாயிரமும் முடிஞ்சு ஆறு கிழமையாலை. இப்ப தொடங்கினால் டிசம்பர்.

— டிசம்பரிலை நான் துலூஸிலை. மகன் செப்டம்பரிலை வேலை மாறிப் போறான். பிள்ளையைப் பாக்க ஆள் வேணும் எண்டு நிக்கிறான். ஓல்னேயிலை இப்ப இருக்கிற வாடகை வீட்டையும் திருப்பிக் குடுக்கிறம். இதெல்லாம் உங்களுக்குச் சொன்னனான்.

— சொன்னனீங்கள். பேரனுக்கு இப்ப ரண்டு வயசு.

— ஓம்.

— அடுத்த வருசம் பள்ளிக்கூடம் போயிடுவான். அதுக்குப் பிறகு நீங்கள் அங்கை என்ன செய்வியள்?

— மருமகள் வேலையாலை வரும்வரைக்கும் ஜன்னலாலை பாத்துக்கொண்டு இருப்பன். என்ரை மகன் சஞ்சீவன் நல்ல பிள்ளை. எனக்கெண்டு ஒரு அறையும் பாத்து வைச்சிருக்கிறான்.

— நல்ல விசயம்.

— நான் டிசம்பரிலை இஞ்சை இல்லை எண்டு தெரிஞ்சும் என்னத்துக்கு டிசம்பர்க் கணக்குப் பாக்கிறியள்?

— தேத்தண்ணியோடை கடிக்க றோல்ஸ் ஒண்டு சொல்லட்டோ?

— வேண்டாம்.

— சுடச்சுடப் போடுறாங்கள்.

— வேண்டாம், தில்லையர்.

— இன்னொரு நிபந்தனை இருக்கு. கடைசிப் பக்கத்திலை.

— வாசியுங்கோ.

— ரண்டு பேற்றை பொயின்றையும் ஒண்டாச் சேர்க்கிறதெண்டால் ரண்டு பேரும் ஒரே விலாசத்திலை இருக்கவேணுமாம். கரண்ட் பில் காட்டவேணுமாம்.

— இதை இப்பதான் கண்டனீங்களோ?

— இல்லை. போன கிழமை கண்டனான்.

— கண்டுபோட்டும் என்னை வரச்சொன்னனீங்கள்.

— கண்டபடியால்தான் வரச்சொன்னனான்.

— ஒரே விலாசத்திலை இருக்கிற ஆக்களுக்கு ரண்டு அறை என்னத்துக்கு?

— அதை நான் யோசிக்கேல்லை. இல்லை, யோசிச்சன். யோசிச்சுப்போட்டு விட்டிட்டன்.

— உங்கடை ஆர்ஜொந்தெ வீடு நாலாம் மாடி. லிப்ட் வேலை செய்யிறேல்லை எண்டு சொன்னனீங்கள்.

— போன மாதம் திருத்திப்போட்டாங்கள். கதவு சாத்தேக்கை மட்டும் கொஞ்சம் சத்தம்.

— உங்கடை பழைய கலியாணக் கடுதாசியள்?

— விவாகரத்து முடிஞ்சு பன்ரண்டு வருசம். அவ ரொறன்ரோவிலை வேறை கலியாணமும் முடிச்சிட்டா. கடுதாசி எல்லாம் ஒரு கோப்பிலை இருக்கு. போட்டோக் கொப்பி எடுத்துத் தாறன்.

— கொப்பி வேண்டாம். சனம் கதைக்கும். இந்தத் தெரு தொடங்கி லா சப்பல் தமிழ்க் கடையள் முழுக்கக் கதைக்கும்.

— கதைக்கட்டும். விவாகரத்துக்குப் பிறகு பன்ரண்டு வருசமா என்னைப் பற்றிக் கதைக்க அவைக்கு ஒண்டும் கிடைக்கேல்லை.

— எனக்கு அம்பத்தாறு வயசு, தில்லையர்.

— வயசுக்கு நிபந்தனை போடேல்லை. தேடிப் பாத்தனான்.

— நாரியும் சரியில்லை.

— எனக்கு முழங்கால். குசினியிலை நிண்டு நிண்டு.

— சரி, நான் ஒரு முடிவு சொல்லட்டோ?

— சொல்லுங்கோ. அதுக்குத்தானே.

— உந்தக் கார்ட் பிரயோசனமில்லை. கொம்பனிக் காசிலை கிழமைக்கு ரண்டு ஊர் போற ஆக்களுக்கு அது பரிசு. அவை எப்பிடியும் செலவழிக்கிறவை. அவையின்ரை அறையளை நான்தான் துப்புரவாக்கிறனான், எனக்குத் தெரியும். பொயின்றுக்காகச் செலவழிக்க வெளிக்கிட்டால் எங்களுக்கு மிஞ்சுறது அரிசி மூட்டைதான். தியெப் பாக்கவேணுமெண்டால் தொண்ணூறு யூரோவைக் குடுத்துப் பாக்கலாம். ஒருத்தருக்கும் கரண்ட் பில் காட்டத் தேவையில்லை.

— விளங்குது.

— கடுதாசியை மடிச்சு வையுங்கோ.

— மடிச்சிட்டன். தேத்தண்ணிக்கு நான் குடுக்கிறன். நீங்கள் ஆறுதலாக் குடிச்சிட்டு வாங்கோ.

— எங்கை எழும்புறியள்?

— முடிவு சொல்லிப்போட்டியள் தானே.

— கார்ட்டுக்குச் சொன்னனான்.

— மற்றதுக்கு?

— மற்றதை இன்னும் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை.

— எனக்கு உப்பிடிக் கேட்டுப் பழக்கமில்லை, ஜெகதீஸ்வரி.

— இருந்து கேளுங்கோ. நிண்டுகொண்டு கேட்டால் கடைக்காரன் பாக்கிறான்.

— இருந்திட்டன்.

— ம்.

— துலூஸுக்குப் போகாமல் இருக்கேலாதோ? ஆர்ஜொந்தெயிலை, என்னோடை.

— போகேல்லை எண்டு நேற்றே மகனுக்குச் சொல்லிப்போட்டன். ஏனம்மா எண்டு கேட்டான். ஒரு மனுசன் மூண்டு வருசமா ஒரு கேள்வியை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு திரியிறார், மறுமொழி சொல்லாமல் ஊரை விட்டுப் போறது மரியாதையில்லை எண்டு சொன்னனான்.