வாய் வைக்காத கிண்ணம்

— முதல்ல அந்தக் குழாயை மூடுக்கா! நான் கத்துறது உன் காதுல...

— நீ கத்துறது தெருமுனை வரைக்கும் கேக்குது! இது சர்ச்சு. உன் வீட்டு அடுப்படி இல்ல. மெதுவாப் பேசு.

— மெதுவாவா? உன் மக அங்க ஆஸ்பத்திரியில வலியில துடிக்கிறா. வயித்துல இருக்குற பிள்ளை கழுத்துல கொடி சுத்தியிருக்காம், அறுத்துத்தான் எடுக்கணும்கிறாங்க. "அம்மா வந்தாத்தான் உள்ள போவேன்"னு அவ கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்குறா. நீ இங்க பின்னறையில நின்னு கிண்ணம் கழுவுற! பெத்தவளா நீ?

— பெத்தவதான். பெத்தவங்கிறதாலதான் கழுவுறேன்.

— இது ஒரு பதிலா? வாசல்ல ஆட்டோவை நிறுத்தி வச்சிருக்கேன். வா.

— இன்னும் ரெண்டு தட்டுக் கிண்ணம் கிடக்கு. சோப்புத் தண்ணியில ஒரு தடவை, வெந்நீர்ல ஒரு தடவை, அப்புறம் துணியால துடைக்கணும். பாதியில போட்டுட்டு வர்ற வேலை இல்ல இது.

— கட்டைவிரல் உசரம்கூட இல்லாத கிண்ணம்! ஒரு வாய் திராட்சை ரசம் ஊத்திக் குடுத்த கிண்ணம்! இதுக்கு வெந்நீர் ஒரு கேடா?

— திருவிருந்துக் கிண்ணம்டி அது. வாயை அடக்கு.

— உன் மக உயிரைவிட ஒசத்தியா?

— ஏய்! இன்னைக்குப் பாத்து உயிர் கியிர்னு பேசாத. நாக்கை இழுத்து வச்சுத் தச்சுருவேன்.

— அம்மா, உள்ள வரலாமா?

— வாங்க போதகர் ஐயா, சமயத்துல வந்தீங்க. நீங்களாச்சும் எங்க அக்காவுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க.

— இவர் சொன்னது போதாதா? காலையில சபை பூரா கேக்கச் சொன்னாரே! "அம்மா, இன்னைக்கு நீங்களும் வந்து உக்காருங்க, இந்தப் பந்தி உங்களுக்கும்தான்"னு. அத்தனை தலையும் என் பக்கம் திரும்புச்சு. திருடியைப் பாக்குற மாதிரிப் பாத்தாங்க. உங்களுக்கு மீசை முளைக்கிறதுக்கு முந்தியிருந்து நான் இந்தத் தொட்டிகிட்ட நிக்கிறேன் ஐயா. என்னை உக்காருன்னு சொல்ல நீங்க யாரு, கேக்குறேன்?

— தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அதாவது, நான் இந்தச் சபைக்கு வந்ததுலேருந்து கவனிக்கிறேன். எல்லாருக்கும் கழுவி அடுக்கி வைக்கிறீங்க. நீங்க ஒரு தடவைகூடக் குடிச்சு நான் பாக்கல.

— என்னது? அக்கா, நீ குடிக்கிறதே இல்லையா?

— உனக்கு எதுக்குடி அது? கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் சர்ச்சுப் படி ஏறுறவ நீ.

— அதாவதும்மா, மிச்சக் கிண்ணத்தை நான் கழுவிடுறேன். நீங்க கையைத் துடைச்சுக்கிட்டு மககிட்ட போங்க.

— பாரு பாரு, சட்டைக் கையை மடிக்கிறாரு! தொடாதீங்க ஐயா. தொட்டீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்.

— ஆண்டவர் உங்ககிட்ட கூலி வேலை கேக்கலம்மா. அவர் சும்மாதான் குடுக்குறாரு.

— சும்மாவா? நல்லா இருக்கே கதை! முன் வரிசையில உக்காருறானே அந்த மரக்கடைக்காரன், பொண்டாட்டியைக் கைப்பிள்ளையோட வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினவன். அப்புறம் ஒரு நாள் வந்து ஓன்னு அழுதான். இப்ப எல்லாருக்கும் முன்னால ஒரு கிண்ணத்தை எடுத்து மடக்குன்னு குடிச்சிட்டுப் போறான். அவனுக்கும் சும்மா, எனக்கும் சும்மாவா? நான் முட்டி தேயத் தேய இந்தத் தரையைத் துடைச்சிருக்கேன். நாதியில்லாத பிணத்தையெல்லாம் என் கையால குளிப்பாட்டியிருக்கேன். அவனும் நானும் ஒரே பந்தியா? கேக்குறேன், இது நியாயமா?

— நியாயம் இல்லதாம்மா.

— அப்படி வாங்க வழிக்கு!

— நியாயம்னு பாத்தா நானும் அங்க உக்கார முடியாது. எனக்குத் தகுதி இருக்குன்னா நின்னு குடுக்குறேன்? அதாவது, அது கிருபைம்மா.

— அது உங்க பாடு. எனக்கு இனாம் வேண்டாம். இனாமாக் குடுத்தவர் எப்ப வேணும்னாலும் திருப்பிப் பிடுங்கிக்கலாம். உழைச்சு வாங்கினா உரிமையா வச்சுக்கலாம்.

— அப்படி எதைம்மா உழைச்சு வாங்கினீங்க?

— அந்தத் துணியை இப்படிக் குடுங்க.

— அக்கா? துடைச்சதையே ஏன் திரும்பத் துடைக்கிற? கிண்ணத்தைக் கீழ வை. ஐயா கேக்குறாருல்ல, சொல்லு.

— என் பிள்ளையை. என் குருவியை.

— என்னக்கா உளறுற?

— சின்னதுல அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சே, மறந்துட்டியா?

— மறக்குற விஷயமா அது? கட்டில் பக்கத்துலேயே கிடந்தவ நான்தானே. நீ அழுத அழுகையில டாக்டரம்மா உன்னைக் கீழ அனுப்பிட்டாங்க.

— கீழ ஒரு ஜெப அறை இருந்துச்சு. அங்க போயி விழுந்தேன். "பிள்ளையை விட்டுரும் ஆண்டவரே. என் கை ஓயுற வரைக்கும் உம்ம பந்தியில எச்சில் கிண்ணம் கழுவுறேன். ஒரு சொட்டு என் வாயில வைக்க மாட்டேன். வேலைக்காரியா நின்னுக்கிறேன்"னு சொன்னேன். சொல்லிட்டு மேல ஏறி வந்தா, உன் மடியில உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்குறா! கேட்டேன், குடுத்தாரு. அவளை நான் வாங்கியிருக்கேன். அவ உசுருக்குப் போராடுற இன்னைக்குப் போய் இவர் என்னை நிறுத்துங்கிறாரு! நான் நிறுத்தி, அங்க ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா? நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா ஐயா? எங்க, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க!

— அம்மா... இத்தனை வருஷமா இந்தப் பயத்தைச் சுமந்துக்கிட்டா கழுவுனீங்க?

— பயமோ கியமோ, வாக்குன்னா வாக்கு. தள்ளுங்க, தண்ணி ஆறுது.

— இரு அக்கா. இதை ஏன் நீ என்கிட்ட சொல்லவே இல்ல?

— சொன்னா நீ சிரிப்ப.

— சிரிக்கல. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ அந்த அறையில இருந்தப்ப யாராச்சும் வந்தாங்களா?

— வார்டு ஆயா ஒருத்தி வந்து கதவைத் திறந்து எட்டிப் பாத்தா. நான் முட்டி போட்டிருந்ததைப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாமத் திரும்பிட்டா. அவளை எதுக்கு இப்ப இழுக்குற?

— நீ வேண்டி முடிச்சதுக்கு அப்புறமா வந்தா?

— வேண்டி முடிக்கிறதா! நான் வாயே திறக்கலடி இன்னும். அவ போனப்புறம்தான் எனக்குப் பேச்சே வந்துச்சு.

— நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா.

— யோசிக்க என்ன இருக்கு? நேத்து நடந்த மாதிரி இருக்கு எனக்கு. நீ ஏன் அழுகுற? ஏய்... ஏன்டி அழுகுற?

— அக்கா, அந்த ஆயாவை அனுப்பினது நான்தான்... பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணி கேக்குறா, ஓடிப்போய் எங்க அக்காகிட்ட சொல்லுங்கன்னு.