நாற்பத்தாறு டிகிரி

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, மூன்றாம் மாடி லேசர் அறையில் ஏ.சி. இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். எனக்குச் சீக்கிரம் சளி பிடித்துவிடும்.

கருவியின் பதிவில் அன்று முப்பத்தெட்டு டிகிரி என்று இருப்பதைப் பார்த்துத்தானே என்னை விசாரணைக்குக் கூப்பிட்டீர்கள். பதிவு சரிதான்.

இந்தப் புது சிகிச்சைச் சோதனையில் எங்கள் வேலை எளிமையானது. மிக நுண்ணிய தங்கத் துகள்கள் கலந்த திரவத்தைக் கழுத்துப் புற்றுநோய்க் கட்டிக்குள் ஊசியால் ஏற்றுவோம். லேசர் பட்டதும் துகள்கள் சூடேறும், நாற்பத்தாறு டிகிரியில் கட்டி வெந்து சாகும். டாக்டர் போட்டிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வழியே திரையின் சிவப்பு எண்கள் தெரியாது. தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து எண்ணைப் படித்துச் சொல்வது நான். ஆறு வருடமாகச் சொல்லிவந்தேன்.

அக்காவுக்கும் கழுத்தில்தான் கட்டி. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். "அளவு தாண்டிப் போச்சுப்பா, சோதனையில சேர்க்க முடியாது" என்றார் டாக்டர். நான் கோபப்படவில்லை. விதியை அவர் எழுதவில்லை. சோதனையில் சேர்ந்த ஆளுக்கு ஒரு குப்பி திரவம்தான் வரும், மிச்சம் இருக்காது.

ஒன்பதாம் தேதி வந்த நோயாளி ஒரு பஸ் டிரைவர். அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. அன்று அவர் முறை, அவ்வளவுதான். நல்ல திரவம் ஒயின் சிவப்பாக இருக்கும். குப்பியை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து நிறம் பார்ப்பதோடு எங்கள் சரிபார்ப்பு முடிந்துவிடும். அவர் குப்பிக்குப் பதிலாக வைக்க, உப்புநீரில் சமையல் சாயம் மூன்று சொட்டு போதுமானதாக இருந்தது.

"தங்கம் ஏத்துறீங்களே, வீட்டுக்குப் போனதும் எம்பொண்டாட்டி என் கழுத்த உரசிப் பார்க்கப் போறா" என்றார் டிரைவர். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"எவ்வளவுப்பா?"

"நாப்பத்திரெண்டு சார்."

"இப்போ?"

"நாப்பத்தாறு. அப்படியே நிக்குது சார்."

திரையில் முப்பத்தெட்டு. என் குரல் தடுமாறவில்லை. தடுமாறினால் டிரைவர் பயந்துவிடுவார்.

எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நம்பர் சொல்லச் சொல்லத்தான் தம்பி எனக்குத் தைரியமே வந்துச்சு."

ஞாயிறு மதியம் அக்காவை அழைத்துவந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கும்.

"டாக்டர் எங்கடா?"

"வந்துட்டே இருக்கார்க்கா."

ஊசியையும் நானே போட்டேன், லேசரையும் நானே பிடித்தேன். எண் சொல்ல வெளியே ஆளில்லை. கண்ணாடி போட்டிருந்ததால் எனக்கும் திரை இருட்டுதான். குத்துமதிப்பாகச் செய்தேன். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். கத்தவில்லை.

"நம்பர் சரியா வருதாடா?"

"வருதுக்கா."

டிரைவர் ஆகஸ்ட் நான்காம் தேதி இறந்தார். அக்கா அவருக்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்தது.