பென்சில் சீட்டு

பென்சிலைப் போல நம்பகமான பொருள் வேறு கிடையாது, ஐயா. மருத்துவக் கல்லூரியில் உடலுறுப்புகளை ஜாடிகளில் பாதுகாக்கும் அறை இருபத்திரண்டு வருடமாக என் பொறுப்பு. ஜாடிக்குள் போடும் சீட்டைப் பேனாவில் எழுதினால், உறுப்பு கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலினில் கரைந்துவிடும். பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். வீட்டில் இதைச் சொன்னபோது, எனக்குப் பேச வேறு விஷயமே கிடையாதா என்று மனைவி சிரித்தாள்.

எனக்கு முன்பு அந்த அறையில் இருந்தவர் ஓய்வு பெறுவதற்குள்ளேயே தடுமாற ஆரம்பித்தார். கடைசியில் வீட்டுக்கு வழி தெரியாமல் கல்லூரி வாசலில் நிற்பார். வருடக்கணக்கில் ஃபார்மலின் ஆவியைச் சுவாசித்தால் நினைவு மங்கும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து நான் முகமூடி இல்லாமல் உள்ளே போனதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மனைவி பிரிந்து போவதாகச் சொன்னாள். நான் அடித்தவனில்லை, குடித்தவனில்லை. காரணம் கேட்டேன்.

"எங்க போனே, யார்கிட்ட பேசினேன்னு தினமும் விசாரணை. மூச்சு முட்டுதுங்க. அக்கா வீட்டுப் பக்கத்துல எனக்குத் தையல் கடை கட்டுறாங்க. முடிஞ்சதும் போயிடுவேன்."

எனக்குத் தனியாக இருக்கப் பயம். அதை மறைக்க விரும்பவில்லை.

அவளுடைய தையல் அறை சின்னது. தூசி வராதிருக்க ஜன்னலை அடைத்துக் கொடுத்தேன். புது அலமாரி ஒன்றும் வைத்தேன். அதன் பின்னால் மூடியில்லாத ஃபார்மலின் ஜாடி. வாரம் ஒருமுறை முகமூடி போட்டுக்கொண்டு நிரப்பினேன். கண் எரிகிறது என்றாள். வார்னிஷ் வாசனை என்று சொல்லி, சொட்டு மருந்து நானே விட்டேன்.

முதலில் அளவுகள் மறந்தன. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் தைத்தாள். இரண்டாம் வருடம் கடை தயாராகி அக்கா கூப்பிட்டபோது, எந்தக் கடை என்று கேட்டாள். நான் அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். டப்பாக்களில் எல்லாம் பென்சிலில் பெயர் எழுதி ஒட்டினேன். கதவை ஒரு நாளும் பூட்டியதில்லை.

போன வாரம் அக்கா நேரிலேயே வந்து, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஜாடியும் உங்கள் போலீஸ்காரர்களிடம் அகப்பட்டது.

உங்கள் மேசையில் இருக்கும் சீட்டு அவளுடைய ஊசி டப்பாவில் இருந்தது. அவள் கையெழுத்துதான். 'அலமாரிக்குப் பின்னால் ஜாடி. இந்த அறையில் இருக்காதே. அக்காவிடம் போ.' நினைவு முழுதும் நழுவுவதற்கு முன்னால் எப்போதோ எழுதி வைத்திருக்கிறாள், பென்சிலில். என் பேச்சைக் காதில் வாங்காதவள் பென்சில் விஷயத்தை மட்டும் வாங்கியிருக்கிறாள்.

கண் மங்கிய பிறகு, காலையில் அதை எடுத்து வந்து என்னிடம் நீட்டுவாள்.

"என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"வெள்ளை நூல் வாங்கணும்னு எழுதியிருக்கும்மா."

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க" என்று அறைக்குள் போய் உட்காருவாள்.

அந்தச் சீட்டை நான் கிழித்துப் போடவில்லை, ஐயா. ஒவ்வொரு முறையும் பத்திரமாக மடித்து அவள் டப்பாவிலேயே வைத்தேன். கெட்டவனாக இருந்தால் வைத்திருப்பேனா?